கேட்டுக்கொண்டே இருந்த ஆலடிப்பொட்டல் சங்கையா

இந்த நினைவேந்தல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் முன்னாள் ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி அவர்களே, அருப்புக்கோட்டையிலிருந்து வந்திருக்கும் மரம் வளர்ப்போர் சங்கத்து நண்பர்களே, இன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் வீரசோழன் வியாபாரிகளே, வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்து நிற்கும் தண்ணீர் லாரி ஓட்டுநர்களே, ஆலடிப்பொட்டல் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சங்கையா அண்ணனின் துணைவியார் ஜக்கம்மாள் அவர்களே, அவருடைய மகன் செல்வக்குமார் அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் இம்மானுவேல். பந்தல்குடிக்காரன். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள், சங்கையா அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஆற்றாமை இருக்கிறது. அதைக் கொட்டிவிட்டுத்தான் நல்ல வார்த்தைக்கு வர முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் இந்தப் பேனரைப் பாருங்கள். அண்ணன் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? "யாரையும் சாராமல் வாழ்ந்து காட்டிய மாமனிதர்." யார் எழுதியது இது? அண்ணனோடு ஒரு நாள் பழகியவன் இதை எழுதுவானா? யாரையும் சாராமல் வாழ்ந்தாரா சங்கையா? குதிரைவாலி விதை கேட்டுப் பேச்சி வீட்டு வாசலில் நின்றவர் யார்? ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் கைவைத்தியம் தெரிந்த சோணைமுத்துவைத் தூங்கவிடாமல் எழுப்பிக்கொண்டு போனவர் யார்? ஒரு ஒயரை எந்தப் பக்கம் மாட்டுவது என்று கேட்க, பந்தல்குடிக்கு பஸ் ஏறி வந்து என் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தவர் யார்? இந்த ஊரில் அவர் சாராத ஆள் உண்டா? அவர் தொல்லை கொடுக்காத வீடு உண்டா?

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒருவர் அவரைச் சித்தர் என்றார். அவர் சித்தர் இல்லை. தண்ணீர் லாரி ஓட்டியவர். அங்கிருந்தே தொடங்குகிறேன், அப்போதுதான் புரியும்.

காரியாபட்டிப் பக்கம் ஒரு தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றி, அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்து வீடு வீடாக இறக்குவதுதான் அவருக்கு வேலை. பல வருஷம் ஓட்டினார். நல்ல ஓட்டுநர். வண்டியில் ஒரு கீறல் விழவிடமாட்டார். ஒரு கோடையில், லோடு ஏற்றிக்கொண்டு அந்தத் தோட்டத்து ஊரைத் தாண்டும்போது முத்துத்தாய் என்று ஒரு பெண் வெறுங்குடத்தோடு வண்டியை மறித்தார். "அண்ணே, ஒரு கொடம் ஊத்திட்டுப் போங்க. எங்கூரு அடிகொழாயில காத்துதான் வருது" என்றார். அண்ணன் இறங்கிப் பின்பக்கக் குழாயைத் திறந்துவிட்டார். குடம் நிறைகிறவரைக்கும் நின்று பார்த்தார். அந்த ஊரின் தண்ணீர்தானே வண்டியில் இருக்கிறது? அந்த ஊர்க்காரப் பெண் அதை ஒரு லாரிக்காரனிடம் கையேந்தி வாங்குகிறாரே, இது என்ன கணக்கு என்று அவருக்கு மண்டைக்குள் குடைய ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்கு அந்த லோடை ஒழுங்காகக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சிலர் இப்போது அவர் நடுரோட்டில் தண்ணீரைத் திறந்துவிட்டார் என்று கதை கட்டுகிறார்கள். அவர் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கீழே விடாதவர். முதலாளி, "என்னய்யா, பைத்தியமா புடிச்சிருக்கு? அடுத்து என்ன செய்வ?" என்று கேட்டாராம். "எங்கப்பா வச்சுட்டுப் போன நெலம் கருவேல மண்டிக் கெடக்கு. அங்க போறேன். வண்டி வராத எடத்துல மனுசன் இருக்க முடியுமான்னு பாக்கணும்" என்றாராம் அண்ணன்.

அந்த ஒரு யோசனைதான். வண்டி வராவிட்டால்? கடை திறக்காவிட்டால்? கரண்டு வராவிட்டால்? இதைக் கேட்டுக் கேட்டே மனிதர் நம் எல்லோருடைய உயிரையும் எடுத்தார்.

என்னை அவர் சந்தித்த விதத்தைச் சொல்கிறேன். ஆபீசில் கூட்டமான நாள். கரண்டு வேண்டும் என்று வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். கம்பத்தை ஒரு அடி தள்ளி நடச் சொல்லிச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் வந்து, "வீட்டுக்கு வர்ற லைன அறுத்துவிடுங்க தம்பி" என்றார். பங்காளிச் சண்டையா என்று கேட்டேன். இல்லை என்றார். வீட்டை இடிக்கிறீர்களா என்று கேட்டேன். அதுவும் இல்லை. "பெறகு எதுக்குண்ணே?" என்றேன். "எது இல்லாம இருக்க முடியும், எது இல்லாம இருக்க முடியாதுன்னு தெரிஞ்சுக்கிறணும்ல? இருக்கும்போது எப்பிடித் தெரியும்?" என்றார்.

எங்கள் ஆபீசே வேடிக்கை பார்த்தது. ஒரு வாரம் யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினோம். மறுநாளே வந்தார். கடைசியில் நான்தான் போய்க் கம்பத்தில் ஏறி அறுத்துவிட்டேன். கீழே நின்று, பெண்ணுக்குத் தாலி கட்டுவதைப் பார்க்கிற தகப்பன் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜக்கம்மாள் நின்றார்கள். அவர்கள் முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. அதை அன்றைக்கு நான் பார்த்தேன். அண்ணன் பார்க்கவில்லை.

நண்பர்களே, அவர் நிலத்தை இப்போது போய்ப் பார்த்துவிட்டு, ஆகா, எப்பேர்ப்பட்ட தோட்டம் என்று படம் பிடித்துப் போடுகிறீர்கள். ஆரம்பத்தில் வந்து பார்த்தீர்களா? நான் பார்த்தேன். சீமைக்கருவேலை வேரோடு பிடுங்குவதற்குள் அவர் கை முழுக்க முள். முதலில் வெட்டிய பண்ணைக்குட்டையில் மழைத்தண்ணீர் ஒரு வாரம்கூட நிற்கவில்லை, சரளை மண்ணில் வெட்டிவிட்டார். முதல் குதிரைவாலியை மயில் தின்றது. உளுந்தைப் பன்றி உழுதுவிட்டுப் போனது. வாங்கிவிட்ட ஆடுகள் கழிச்சலில் செத்தன. வீட்டுச் சுவருக்குக் குழைத்த மண்ணில் கரையான் ஏறியது. நான் போகும்போதெல்லாம் ஏதாவது ஒன்று அழிந்திருக்கும். அவர் அதற்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஏன் இப்படி ஆச்சு என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"அண்ணே, பேசாம லாரிக்கே போயிருங்கண்ணே" என்பேன். "இரு தம்பி, பேச்சியக் கேட்டுட்டு வாரேன்" என்பார். பேச்சி இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த குட்டையை எங்கே வெட்டலாம் என்று பேச்சியும் அவர் வீட்டுக்காரரும் சேர்ந்து நடந்து பார்த்துக் காட்டிய கரிசல் பள்ளத்தில்தான் இன்றைக்கு இருக்கும் குட்டை இருக்கிறது. அதில் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகுதான் எலுமிச்சை வந்தது, கொய்யா வந்தது, மாதுளை வந்தது. யாரையும் சாராதவராம். பேனர் அடித்த தம்பி, பேச்சியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடித்திருக்கக் கூடாதா?

இப்போது நான் சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று காலையில் ஜக்கம்மாளிடம் கேட்டேன். "நடந்ததத்தானே சொல்லப்போறீக, சொல்லுங்க" என்று விட்டார்கள். அதனால் சொல்கிறேன்.

வீட்டில் கரண்டு இல்லாமல் அண்ணன் பெருமையாகத் திரிந்த காலத்தில், ஒரு நாள் ஜக்கம்மாள் துணிப்பையோடு பந்தல்குடிக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் தங்கச்சி வீடு எங்கள் தெருவில்தான். பின்னாலேயே அண்ணன் வந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே போனார், நியாயம் சொல்வதற்கு. அண்ணன் ஆரம்பித்தார், தற்சார்பு என்றால் என்ன, உலகம் எங்கே போகிறது என்று. ஜக்கம்மாள் முழுக்கக் கேட்டார்கள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்கள்:

"அண்ணே, இவுக ஊரெல்லாம் போயி தற்சார்பு தற்சார்புன்னு பேசுறாக. கரண்டு போச்சு. அதோட மிக்சி போச்சு, மோட்டாரு போச்சு. அதுக செஞ்ச வேலைய இப்ப யாரு செய்யிறா? மாவாட்டுறது நானு. தண்ணி எறைக்கிறது நானு. வெளக்குத் தொடைக்கிறது நானு. இவுக கரண்டச் சாரலை, சரி. யாரச் சார்ந்திருக்காகன்னு கேட்டுச் சொல்லுங்க."

   ஊரையே கேள்வி கேட்டுத் துளைத்த அண்ணன், "சரியாத்தான் கேக்குற" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு எரிச்சல். ஒரு மன்னிப்புக் கேட்டால் என்ன குறைந்துவிடும் இந்த மனிதருக்கு?

அவர் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் ஆட்டுரலில் தானே அரிசியைப் போட்டு ஆட்டியிருக்கிறார். தானே தண்ணீர் இறைத்திருக்கிறார். தோள்பட்டை தூக்க முடியாமல் போனதும் என்னிடம் வந்தார். "தம்பி, பகல்ல மிக்சி ஓடுற அளவுக்கு, ரெண்டு லைட்டு எரியிற அளவுக்கு, கூரையில ஒரு சோலார் தகடு வைக்கணும். எனக்கு வேலை சொல்லிக் குடு. கெட்டுப்போனா நான் சரிபண்ணணும், அவ காத்துக்கிட்டு இருக்கக் கூடாது" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து மாட்டினோம். அதற்குப் பிறகு ஜக்கம்மாளைக் கூப்பிடப் போனார். அவர்கள் உடனே வரவில்லை. தண்ணீர் இறைப்பது இனிமேல் யார் என்று கேட்டு, நான்தான் என்று அவர் வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் பை எடுத்தார்கள். சாகிற வருஷம் வரைக்கும் அந்த வீட்டில் தண்ணீர் இறைத்தவர் சங்கையாதான்.

இதுதான் அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது. ஊரைக் கேட்ட கேள்வி தன்னை நோக்கித் திரும்பியபோது அவர் ஓடவில்லை. நம்மில் எத்தனை பேர் அப்படி?

இனி ஊர்க் கதைக்கு வருகிறேன். ஆலடிப்பொட்டல் மக்களே, இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நீங்களும் ஒருமுறை கேட்டுக்கொள்வதில் தப்பில்லை.

இந்த ஊருக்கு ஒரு ஊருணி உண்டு. கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்த பிறகு அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கருவேலம் அடைத்துக்கொண்டது. குப்பையும் அங்கேதான் போனது. ஒவ்வொரு கிராமசபைக் கூட்டத்திலும் சங்கையா அண்ணன் எழுந்து ஒரே கேள்வியைக் கேட்பார். "கொழாயில தண்ணி வராத அன்னைக்கு என்ன செய்யப்போறோம்?" நீங்கள் என்ன செய்தீர்கள்? சிரித்தீர்கள். அவர் எழுந்ததுமே, "கொழாய்க்காரரு எந்திரிச்சிட்டாரு" என்று டீ குடிக்கப் போனீர்கள். தலைவர் ராஜேஸ்வரி அவர்கள் பொறுமையாக, "அண்ணே, அதான் தெனமும் வருதுல்ல" என்பார்கள். "வருதும்மா. நானும் புடிக்கிறேன். வராத அன்னைக்குத்தான் கேக்குறேன்" என்பார். அவர் குழாய்க்கு எதிரி இல்லை. இதையும் சிலர் மாற்றிப் பேசுகிறார்கள். குழாய் ஒன்றை மட்டும் நம்பிக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மாசியில் குழாய் நின்றது. எங்கோ தொலைவில் உடைந்திருக்கிறது என்றார்கள். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள். பங்குனி போனது. லாரித் தண்ணீர் வந்தது, பிறகு அதுவும் பல ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் இங்கே வருவது குறைந்தது. சித்திரை வெயிலில் ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போனது? சங்கையாவின் குட்டைக்குத்தான் போனது.

அவர் வேலிப்படலைத் திறந்துவிட்டார். ஜக்கம்மாள்தான் ஒரு நிபந்தனை போட்டார்கள். "ஒரு கொடம் எடுக்கிறவுக, போற வழியில ஊருணியில எறங்கி ஒரு கூடை மண்ணு அள்ளிக் கரையில போட்டுட்டுப் போகணும்." முணுமுணுத்தீர்கள். திட்டினீர்கள். தண்ணீருக்கு வரி போடுகிறாள் என்றுகூட ஒருவர் சொன்னார், அவர் பெயரைச் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். ஆனால் அள்ளினீர்கள். அந்தக் கோடையில் அப்படித்தான் ஊருணி கூடை கூடையாகத் தூர் எடுக்கப்பட்டது. எந்தத் திட்டமும் வரவில்லை, எந்த இயந்திரமும் வரவில்லை.

குட்டை வற்ற வற்ற, ஊருக்குக் குடிக்கவா, மரத்துக்கு ஊற்றவா என்று வந்து நின்றது. அண்ணன் மரத்துக்கு ஊற்றுவதை நிறுத்தினார். குழந்தை மாதிரி வளர்த்த எலுமிச்சை காய்ந்தது. கொய்யா காய்ந்தது. அவர் புன்னகையோடு தியாகம் செய்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காய்ந்த எலுமிச்சையை வெட்டிய அன்று அவர் அரிவாளைப் போட்டுவிட்டு மரத்தூரைப் பிடித்துக்கொண்டு அழுததை ஜக்கம்மாள் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் ஊர் மந்தையில் வந்து நின்று சத்தம் போட்டார். "ஏலே, ஒருத்தன் வெட்டுன குட்டைய ஊரே குடிக்கிறீக. ஊரே சேந்து ஒண்ண வச்சிருந்தா எம்மரம் ஏம்லே சாகுது?"  இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு யாரிடம் பதில் இருக்கிறது?

ஊருணியைத் தூர் எடுத்தாகிவிட்டது. தண்ணீர் வர வேண்டுமே. மழைத்தண்ணீர் காட்டிலிருந்து ஊருணிக்கு வருகிற வரத்துக்கால், நாகராஜ் அவர்களின் நிலத்து ஓரமாக வருகிறது. அவர் அதை மண் போட்டு மேவி, சமப்படுத்தி, டிராக்டர் கொட்டகை போட்டிருந்தார். நாகராஜ் இதோ உட்கார்ந்திருக்கிறார். தலையைக் குனிய வேண்டாம் நாகராஜ், முழுக்கச் சொல்லத்தான் போகிறேன்.

அண்ணன் அவர் மீது மனு எழுதவில்லை. தினமும் சாயங்காலம் அவர் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். "நாகராஜு, மழ பேஞ்சா இந்தத் தண்ணி எங்கிட்டுப் போகும்?" என்று கேட்பார். நாகராஜ் முதலில் டீ கொடுத்தார். பிறகு டீயை நிறுத்தினார். பிறகு, "போலீசக் கூப்பிடுவேன்" என்றார். "கூப்பிடு, அவுகளும் தண்ணி குடிக்கிறவுகதான்" என்றார் அண்ணன். நான்கூடச் சொன்னேன், அந்த ஆள் அடித்துவிடுவார், போகாதீர்கள் என்று. கேட்டாரா? இந்த மனிதர் யார் சொல்லித்தான் கேட்டார்?

ஐப்பசியில் மழை பிடித்தது. தண்ணீருக்கு அதன் பாதை தெரியும். வரத்துக்கால் அடைத்திருந்ததால் நாகராஜின் மிளகாய்ச் செடிக்குள்ளேயே தேங்கியது. நட்டுப் பச்சை பிடித்த செடி. விடிந்தும் விடியாமலும் நாகராஜ் ஓடிவந்து பார்த்தபோது, முழங்கால் தண்ணீரில் ஒருவர் மண்வெட்டியோடு நின்று வெட்டிக்கொண்டிருந்தார். நம் சங்கையா. அவர் அங்கே, சொன்னேனே கேட்டியா என்று சொல்ல வரவில்லை. "நாகராஜு, கொட்டாய்க்குக் கீழதான் பழைய காலு ஓடுது. இப்ப ஒடச்சா பாதிச் செடி தப்பும். ஒங்கொட்டாயி, நீ சொல்லு" என்றார்.

நாகராஜ் டிராக்டரை எடுத்தார். தன் கொட்டகையைத் தானே இடித்துத் தள்ளினார். இரண்டு பேரும் மழையிலேயே நின்று வரத்துக்காலை வெட்டித் திறந்தார்கள். தண்ணீர் ஊருணியை நோக்கிப் பாய்ந்தபோது ஊரே குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்றதே, நினைவிருக்கிறதா? பாதி மிளகாய் தப்பியது. ஊருணி நிறைந்தது. அந்த வருஷம் இந்த ஊர்க் கிணறுகளில் தண்ணீர் ஏறியதற்குக் காரணம் அந்தக் காலைப்பொழுதுதான். அதற்காக உங்களுக்கும் நன்றி நாகராஜ். அண்ணன் உயிரோடு இருந்தால் உங்களுக்கு இன்னொரு கேள்வி வைத்திருப்பார்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது.

பிறகு குழாய் சரியானது. தண்ணீர் வந்தது. சந்தோஷம். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரே வருஷத்தில் ஊருணிக் கரையில் கருவேலம் முளைத்தது, யாரும் பிடுங்கவில்லை. கல்யாணச் சாப்பாட்டு இலையும் பிளாஸ்டிக் டம்ளரும் வரத்துக்காலில் போய் விழுந்தன. எந்தக் கையால் மண் அள்ளினீர்களோ அதே கையால் குப்பை போட்டீர்கள். கிராமசபையில் அண்ணன் மறுபடி எழுந்தார். மறுபடி அதே கேள்வி. மறுபடி டீ குடிக்கப் போனீர்கள்.

அன்று அவர் நேராக என் வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. "தம்பி, விட்டுறலாமா? நம்ம வீடு, நம்ம தோட்டம்னு இருந்துக்கிறலாமா?" என்றார். அவர் அப்படிக் கேட்டது அந்த ஒரு முறைதான். எனக்கு ஏற்கெனவே அலுத்துப் போயிருந்தது. "விடுங்கண்ணே, இவுக திருந்த மாட்டாக" என்றேன். காப்பி குடித்தார். கடைசி பஸ்ஸுக்கு எழுந்தார். வாசலில் நின்றுகொண்டு, "விட்டா, அடுத்த தடவ கொழாய் நிக்கும்போது எம்மரம்தான் மறுபடியும் சாகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாக ஊருணிக் கரையில் கருவேலம் பிடுங்கிக்கொண்டிருந்ததாக சோணைமுத்து எனக்கு போன் பண்ணினார். அவரும் போய்ச் சேர்ந்துகொண்டார். பிறகு நாகராஜ் போனார். பிறகு பேச்சி போனார்கள். அவ்வளவுதான் கூட்டம். இன்றைக்கு இந்தப் பந்தலில் இருக்கும் கூட்டத்தில் கால்வாசி அன்றைக்கு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

கடைசியாக ஒரு பொய்யை இங்கேயே புதைத்துவிட்டுப் போக வேண்டும். போனில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஆஸ்பத்திரியை நம்பாத இயற்கை மனிதர், ஊசி மருந்தை மறுத்து மண்ணிலேயே உயிர் விட்டாராம். அதைச் சிலர் பெருமையாக அனுப்புகிறார்கள், சிலர் கேலியாக அனுப்புகிறார்கள். இரண்டு பேருக்கும் வெட்கமாக இல்லையா?

நடந்தது இது. களை எடுத்துக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சு அடைத்தது. மண்வெட்டியைக் கீழே வைத்தார். ஜக்கம்மாளைக் கூப்பிட்டார். அவரே போனை எடுத்து நூற்றியெட்டுக்கு அடித்தார், வழி சொன்னார், வண்டி திரும்பச் சிரமப்படக் கூடாது என்று மெல்ல நடந்து ரோட்டுக்கு வந்து உட்கார்ந்தார். பாம்புக்கடி என்று வந்த ஒருவர் மந்திரிக்கப் போகிறேன் என்றபோது அவரைத் திட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர் இவர். "கேள்வி கேக்குறது வேற, கிறுக்குத்தனம் வேற" என்பார். அருப்புக்கோட்டையில் பார்த்து, மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்காரர்கள் செய்ய வேண்டியதைச் செய்துதான் அனுப்பினார்கள்.

மதுரைக்குப் போன ஆம்புலன்சில் ஜக்கம்மாள் கூட இருந்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மூடி மாட்டியிருந்தது. அந்த நிலைமையிலும் அதை விலக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பணியாளரிடம், "தம்பி, இந்தச் சிலிண்டர எங்க நெரப்புவீக? அங்க கரண்டு இல்லாட்டி என்ன செய்வீக?" என்று கேட்டிருக்கிறார். ஜக்கம்மாளுக்கு வந்ததே கோபம். "கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு மூச்ச விடுங்க" என்று சத்தம் போட்டு, மூடியை மறுபடி மாட்டிவிட்டார்கள். அவர் சிரித்தாராம். அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டாராம். காரியாபட்டியைத் தாண்டியபோது பிடி தளர்ந்துவிட்டது.

அப்படித்தான் போனார் சங்கையா அண்ணன். கேட்டுக்கொண்டே போனார். அந்த ஆம்புலன்ஸ் தம்பி துக்கத்துக்கு வந்திருந்தார். "ஐயா கேட்டதுக்குப் பதில் தெரியலை சார், போயி ஆபீசுல கேட்டேன்" என்று என்னிடம் சொன்னார். நம் எல்லோரையும்விட அந்தத் தம்பிதான் அண்ணனைச் சரியாகப் புரிந்துகொண்டவர்.

உறுதிமொழி என்று ஒரு தாளை என் கையில் கொடுத்திருக்கிறார்கள். "அன்னாரின் வழியில் நடப்போம்" என்று அச்சடித்திருக்கிறது. நான் வாசிக்கச் சொன்னால் வாசிப்பீர்கள். வாசித்துவிட்டுச் சாப்பிடப் போவீர்கள். அதை நான் வாசிக்கப் போவதில்லை. நான் என்ன செய்வேன் என்று மட்டும் சொல்கிறேன். ஜக்கம்மாள் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கப் போகிறார்கள். செல்வக்குமார் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டார், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டுச் சோலாரில் ஒரு கோளாறு வந்தால் நான் வருவேன், வந்து ஜக்கம்மாளுக்கே அதைப் பழுது பார்க்கச் சொல்லிக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருணிக்கு வருவேன். நான் இந்த ஊர்க்காரன் இல்லை, அடுத்த கிராமசபையில் எனக்குப் பேச உரிமை இல்லை. இந்த ஊர்க்காரர் ஒருவர் எழுந்து அண்ணனின் கேள்வியைக் கேட்க வேண்டும். யார் கேட்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

ஒரு கை. பேச்சி. இரண்டாவது, நாகராஜ். சரி. வேறு?

ஜக்கம்மா, எங்கே எழுந்துவிட்டீர்கள்? இன்னும் படத்துக்கு மாலை போடவில்லையே. என்னம்மா? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

அவர்கள் சொல்வது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் மைக்கில் சொல்கிறேன். "கெழக்க இருட்டிக்கிட்டு வருதுண்ணே. வரத்துக்காலுல எலையும் குப்பையும் அடச்சுக் கெடக்கு. இப்பப் பேஞ்சா ஒரு சொட்டு ஊருணிக்குப் போகாது. நீங்க பேசி முடிச்சிட்டு வாங்க, நான் முன்னால போறேன்" என்கிறார்கள்.

நடந்துவிட்டார்கள். செல்வக்குமார், அம்மா பின்னால் போங்கள். செருப்பைப் பிறகு தேடலாம்.

தலைவர் அவர்களே, இந்த மைக்கைப் பிடியுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். வீட்டில் மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள். இல்லாதவர்கள் வெறுங்கையோடு வாருங்கள், இலையை அள்ளக் கை போதும். வெளியூர்க்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் போகிறேன்.